112, 232, 120, 108: ஒரு பைப்லைன் செயலி சொன்ன விடைகள்

நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகம். நான்கு மாணவர்கள் கொண்ட குழு ஒன்று, வன்பொருளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் ஐந்து நிலை பைப்லைன் செயலி (ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கிவிடும் செயலி) எழுதியிருந்தது. அதில் ஓடும் நிரல் எட்டு எண்களைக் கூட்ட வேண்டும். வர வேண்டிய விடை 120. திரையில் வந்தது 112.

அடுத்த மூன்று வாரங்களில் அதே செயலி 232 என்றது, பிறகு 120 என்றது, பிறகு 108 என்றது. ஒவ்வொரு தவறான எண்ணுக்கும் துல்லியமான ஒரு காரணம் இருந்தது, அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தாலே காரணம் கையில் கிடைத்தது. ஆனால் உண்மையான ஆபத்து 112 வந்த நாளில் இல்லை, 120 வந்த நாளில்தான் இருந்தது. விடை சரியாக இருந்த அந்த நாளில் செயலிக்குள் நான்கு பிழைகள் பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

இந்த ஆய்வு அந்தப் பிழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகிறது. நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: எத்தனை சைக்கிள் (கடிகாரத் துடிப்பு) ஆக வேண்டும் என்று ஓட்டுவதற்கு முன்பே தாளில் எழுதி வைக்காத வரை, பைப்லைனை யாரும் சோதித்ததாக ஆகாது. விடையை மட்டும் பார்ப்பது சோதனை இல்லை.

பாடமும் கருவியும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் டிஜிட்டல் அடிப்படைகளும் கணினி அமைப்பும் ஒரே பாடமாக மூன்றாம் பருவத்தில் வருகின்றன. வாரம் 3 மணி நேரம் வகுப்பு, 2 மணி நேரம் செய்முறை. செயலியின் டேட்டா பாத், கன்ட்ரோல் யூனிட், பைப்லைன், ஹசார்டு (கட்டளைகள் ஒன்றோடொன்று மோதும் சிக்கல்) எல்லாம் நான்காம் அலகில் அடங்கிவிடுகின்றன. செய்முறைப் பட்டியலில் பெரும்பகுதி லாஜிக் கேட், ஆடர், மல்டிபிளெக்சர், கவுன்ட்டர். அதனால் பைப்லைனைப் பல மாணவர்கள் தேர்வுக்கு வரையும் படமாகவே கடந்து போகிறார்கள். ஐந்து பெட்டி, நடுவில் நான்கு கோடு, கீழே 'ஃபார்வேர்டிங் யூனிட்' (முன் கட்டளையின் விடையை எழுதி முடிக்கும் முன்பே பின்வருவதற்கு எடுத்துக் கொடுக்கும் பகுதி) என்று ஒரு முட்டை. அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

இந்தக் குழு படத்தோடு நிற்காமல் செயலியையே எழுதியது. எடுத்துக்கொண்டது ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பின் 32 பிட் அடிப்படைப் பிரிவில் ஐந்தே ஐந்து கட்டளைகள்: ஆட், ஆட்-ஐ (மாறிலியைக் கூட்டுவது), லோட் (நினைவகத்திலிருந்து எடுப்பது), ஸ்டோர் (நினைவகத்தில் எழுதுவது), 'சமமில்லை என்றால் தாவு' என்ற பிராஞ்ச். கற்பதற்கு இவை போதும். முப்பது கட்டளையை அரைகுறையாக எழுதுவதைவிட ஐந்தை முழுதாக எழுதுவது மேல்.

சிமுலேஷனுக்கு ஐகாரஸ் வெரிலாக், அலைவடிவம் பார்க்க ஜிடிகேவேவ். இரண்டும் இலவசம், 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியிலும் சிரமமில்லாமல் ஓடும். எஃப்பிஜிஏ (நாம் எழுதிய சுற்றை ஏற்றி ஓட்டும் சிப்) நிறுவனங்களின் பெரிய மென்பொருள்கள் பல பத்து ஜிபி இடம் கேட்கும். இந்தப் பயிற்சிக்கு அவை தேவையே இல்லை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, மழையோடு கரண்ட் போவதும் உண்டு. சில நொடிகளில் முடிகிற சிமுலேஷன் அதற்குத் தோதானது. குளச்சலிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற மாணவர்கள் மாலையில் தங்கி வேலை பார்க்க முடியாது. தாளில் செய்ய வேண்டியதை வீட்டில் முடித்து, ஆய்வக நேரத்தை ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ரப்பர் ஷீட்டும் கட்டளையும்

பைப்லைனை விளக்கக் குமரிப் பக்கத்தில் கைக்கெட்டும் உதாரணம் ரப்பர் ஷீட். பாலெடுத்து வடிகட்டி, டிஷ்ஷில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் கலந்து உறையவிட்டு, ரோலரில் அடித்து, காயவைத்துப் புகைப்புரைக்கு அனுப்புவது. ஒரு ஷீட் முழுதும் முடிந்த பிறகுதான் அடுத்தது என்று யாரும் காத்திருப்பதில்லை. ஒன்று ரோலரில் இருக்கும்போது அடுத்தது உறைந்துகொண்டிருக்கும். ஒரு ஷீட்டுக்கு ஆகும் மொத்த நேரம் குறையவில்லை; ஒரு நாளில் முடியும் ஷீட்டின் எண்ணிக்கை கூடுகிறது. பைப்லைன் செய்வதும் இதையே.

ஆனால் இந்த உதாரணம் ஓரிடத்தில் முறிகிறது. அந்த இடத்தை மாணவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஷீட் இன்னொரு ஷீட்டை எதிர்பார்த்து நிற்பதில்லை. கட்டளைகள் அப்படி இல்லை: முன்னே போகும் கட்டளையின் விடை பின்னே வருவதற்கு வேண்டும். இந்தச் செயலி சந்திக்கும் ஹசார்டுகள் இந்த ஒட்டுறவிலிருந்து பிறப்பவை. 'அசெம்பிளி லைன் போல' என்று சொல்லி விட்டுவிட்டால் பாடத்தின் சுலபமான பாதிதான் போய்ச் சேரும்.

நிரலும் தாள் கணக்கும்

சோதனைக்கு எடுத்த எண்கள், ஒரு சிறு தோட்டத்தில் எட்டு நாள் அடித்த ஷீட்டின் எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டவை: 12, 7, 31, 4, 18, 25, 9, 14. கூட்டினால் 120. நினைவகத்தில் முகவரி 0 முதல், ஒவ்வொன்றும் 4 பைட். கீழே எக்ஸ்0, எக்ஸ்1 என்று வருபவை ரெஜிஸ்டர்கள், செயலிக்குள் எண்ணைப் பிடித்து வைக்கும் சிறு இடங்கள்; எக்ஸ்0 எப்போதும் 0. நோப் ஒன்றும் செய்யாத கட்டளை.

1. ஆட்-ஐ எக்ஸ்1, எக்ஸ்0, 0 (முகவரி)
2. ஆட்-ஐ எக்ஸ்2, எக்ஸ்0, 8 (எத்தனை எண்)
3. ஆட்-ஐ எக்ஸ்3, எக்ஸ்0, 0 (கூட்டுத்தொகை)
4. லோட் எக்ஸ்4, 0(எக்ஸ்1)
5. ஆட் எக்ஸ்3, எக்ஸ்3, எக்ஸ்4
6. ஆட்-ஐ எக்ஸ்1, எக்ஸ்1, 4
7. ஆட்-ஐ எக்ஸ்2, எக்ஸ்2, -1
8. பிராஞ்ச்: எக்ஸ்2, எக்ஸ்0 சமமில்லை என்றால் வரி 4
9. ஸ்டோர் எக்ஸ்3, 64(எக்ஸ்0)
10. நோப்

ஐந்து நிலைகள்: ஃபெட்ச் (கட்டளையை எடுப்பது), டீகோட் (அதைப் பிரித்து ரெஜிஸ்டரைப் படிப்பது), எக்ஸிக்யூட் (கணக்கிடுவது), மெமரி (நினைவகத்தைத் தொடுவது), ரைட்பேக் (விடையை ரெஜிஸ்டரில் எழுதுவது). பிராஞ்ச் தாவுமா இல்லையா என்பது எக்ஸிக்யூட்டில் முடிவாகிறது. அதற்குள் பின்னால் இரண்டு கட்டளைகள் உள்ளே வந்திருக்கும், தாவினால் அவற்றைத் துடைக்க வேண்டும். லோட்டின் மதிப்பு மெமரி நிலை முடிந்தால்தான் கிடைக்கும். ஒட்டி வரும் கட்டளை அதைக் கேட்டால் ஒரு சைக்கிள் நிறுத்த வேண்டும்; இதுதான் ஸ்டால்.

இனி கணக்கு. தொடக்கத்தில் 3 கட்டளை, லூப்பில் 5 கட்டளை 8 முறை, கடைசியில் ஸ்டோர் 1. மொத்தம் 44. எந்தத் தடையும் இல்லை என்றால் 44 + 4 = 48 சைக்கிள்; அந்த 4 பைப் நிரம்புவதற்கு. லோட்டை ஒட்டி ஆட் வருவதால் சுற்றுக்கு ஒரு ஸ்டால், ஆக 8. பிராஞ்ச் 8 முறை வருகிறது, தாவுவது 7 முறை, ஒவ்வொன்றுக்கும் 2 சைக்கிள் வீண், ஆக 14. கூட்டினால் 70. ஒரு கட்டளைக்குச் சராசரி 70 / 44, அதாவது 1.59 சைக்கிள்.

முதல் சுற்றைக் கட்டம் போட்ட தாளில் எழுதிப் பார்த்தால் இப்படி வரும். லோட் 4ஆம் சைக்கிளில் ஃபெட்ச், 6இல் எக்ஸிக்யூட், 7இல் மெமரி, 8இல் ரைட்பேக். ஆட் 5இல் ஃபெட்ச், 6இல் டீகோட், 7இலும் டீகோடிலேயே நிற்கிறது, 8இல் எக்ஸிக்யூட். பிராஞ்ச் 11இல் எக்ஸிக்யூட்டுக்கு வருகிறது, அடுத்த சுற்றின் லோட் 12இல் ஃபெட்ச். லோட்டிலிருந்து லோட்டுக்கு 8 சைக்கிள். இந்தத் தாளை எழுதக் கால் மணி நேரம் போதும். குழு இதை எழுதவில்லை. நேராக வெரிலாக்கில் இறங்கிவிட்டது.

112

குழுவின் முதல் ஊகம், லூப் ஒரு முறை குறைவாக ஓடுகிறது என்பது. ஆய்வகத்தில் நடந்த பேச்சு சுருக்கமாக இவ்வளவுதான்:

"மேடம், எட்டுதான் குறையுது. லூப் ஒரு தடவை கம்மியா ஓடுது."

"எட்டுங்கிற நம்பரே உன் டேட்டாவுல இல்லியே மக்களே. ஒரு தடவை கம்மின்னா எந்த நம்பர் விட்டுப் போயிருக்கும்?"

லூப் ஒரு சுற்றுக் குறைந்திருந்தால் கடைசி எண்ணான 14 விட்டுப்போய் 106 வந்திருக்கும். முதல் எண் விட்டுப்போனால் 108. 112 வர வழியே இல்லை. அப்படியானால் கூட்டப்பட்டவை நம் எண்களே அல்ல. இந்த ஒரு கேள்வியிலேயே பாதித் தேடல் முடிந்துவிட்டது.

மீதிப் பாதியை ஜிடிகேவேவ் காட்டியது. 7ஆம் சைக்கிளில் ஆட் ஏற்கனவே எக்ஸிக்யூட்டில் இருந்தது. தாளின்படி அது அப்போது டீகோடில் நின்றிருக்க வேண்டும். கூட்டல் நடக்கும் பகுதியான ஏஎல்யூவின் இரண்டாவது உள்ளீட்டில் 12 இல்லை, 0 இருந்தது. இரண்டாம் சுற்றில் அதே இடத்தில் 4, மூன்றாம் சுற்றில் 8. இவை எட்டு நாள் எண்ணிக்கை அல்ல, லோட்டின் முகவரிகள். 0 + 4 + 8 + 12 + 16 + 20 + 24 + 28 = 112. 120க்குப் பக்கத்தில் வந்து நின்றது தற்செயல்.

ஸ்டால் விழவில்லை, ஆனால் ஃபார்வேர்டிங் வேலை செய்தது. அதனால் ஆட் எக்ஸிக்யூட்டுக்கு வந்ததும், முன்னே மெமரி நிலையில் இருக்கும் கட்டளை எக்ஸ்4க்கு எழுதப் போகிறது என்று பார்த்து, அதன் ஏஎல்யூ விடையை எடுத்துக் கொடுத்துவிட்டது. லோட்டைப் பொறுத்தவரை ஏஎல்யூ விடை என்பது முகவரிதான். மதிப்பு இன்னும் நினைவகத்திலிருந்து வந்து சேரவில்லை.

ஸ்டால் ஏன் விழவில்லை? ஹசார்டு கண்டுபிடிக்கும் பகுதியில் இரண்டு ஒப்பீடு வேண்டும்: லோட் எழுதப்போகும் ரெஜிஸ்டர், பின்வரும் கட்டளையின் முதல் மூலத்தோடு (அது படிக்கும் முதல் ரெஜிஸ்டரோடு) ஒத்துப்போகிறதா, இரண்டாம் மூலத்தோடு ஒத்துப்போகிறதா. வரியை நகலெடுத்து ஒட்டியபோது இரண்டாவதிலும் முதல் மூலத்தின் பெயரே தங்கிவிட்டது. குழு முன்பு செய்து பார்த்த சிறு சோதனையில் லோட் செய்த ரெஜிஸ்டர் ஆட்டின் முதல் மூலமாக இருந்தது, ஆகவே சரியாக ஓடியது. இந்த நிரலில் எக்ஸ்4 இரண்டாம் மூலம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அன்று ஓட்டம் 62 சைக்கிளில் முடிந்திருந்தது. 70 என்று தாளில் எழுதி வைத்திருந்தால், 8 குறைகிறது, 8 ஸ்டால் காணோம் என்று அலைவடிவத்தைத் திறக்காமலே சொல்லியிருக்கலாம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. இதே நிரலில் 168 வந்தால் செயலியைத் தொடவே வேண்டாம். நினைவகக் கோப்பை ஹெக்ஸாக, அதாவது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்களாக, படிக்கும் கட்டளைக்குத் தசம எண்களை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். 12 என்று எழுதியதை அது 18 என்றும் 31ஐ 49 என்றும் படிக்கும். எட்டையும் கூட்டினால் 168.

232

ஒப்பீட்டைத் திருத்தியதும் சைக்கிள் கணக்கு 70 ஆனது, விடை 232 ஆனது. திருத்தினால் இன்னும் மோசமாகிறதே என்று பலர் இந்த இடத்தில் பழைய கோப்புக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். போகக் கூடாது. எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 232 = 120 + 112. சரியான விடையும் பழைய தவறான விடையும் சேர்ந்து வந்திருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஆட் இரண்டு முறை நடக்கிறது, ஒரு முறை முகவரியோடு, மறுமுறை மதிப்போடு.

ஸ்டால் என்பது மூன்று வேலை. அடுத்து எடுக்க வேண்டிய கட்டளையைக் காட்டும் நிரல் முகவரி அப்படியே நிற்க வேண்டும். ஃபெட்ச்சுக்கும் டீகோடுக்கும் நடுவில் கட்டளையை ஏந்தி வைத்திருக்கும் பைப்லைன் ரெஜிஸ்டர் அப்படியே நிற்க வேண்டும். எக்ஸிக்யூட்டுக்குள் போவது பபிளாக, ஒன்றும் செய்யாத வெற்றுக் கட்டளையாக, இருக்க வேண்டும். குழு முதல் இரண்டையும் சரியாகச் செய்திருந்தது. மூன்றாவதில், பபிள் நினைவகத்தைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்து நினைவக வாசிப்பு, நினைவக எழுத்து என்ற இரண்டு சிக்னல்களை மட்டும் பூஜ்யமாக்கியது. ரெஜிஸ்டரில் எழுது என்ற சிக்னல் 1ஆகவே போய்விட்டது. அதனால் 7ஆம் சைக்கிளில் போனது பபிள் இல்லை, ஆட்டின் ஆவி. அது எக்ஸ்3இல் முகவரியைக் கூட்டியது; 8ஆம் சைக்கிளில் உண்மையான ஆட் வந்து, ஃபார்வேர்டிங் வழியாக அந்தக் கெட்ட எக்ஸ்3ஐயே வாங்கி, அதன் மேல் மதிப்பைக் கூட்டியது.

மூன்று வேலையில் எது விட்டுப்போனாலும் அதற்கென்று ஒரு அடையாளம் உண்டு. நடுவில் உள்ள பைப்லைன் ரெஜிஸ்டரை நிறுத்த மறந்தால் ஆட் காணாமல் போய் அடுத்த ஆட்-ஐ இரண்டு முறை ஓடும். விடை 0, எக்ஸ்1 முடிவில் 32க்குப் பதில் 64.

120

ரெஜிஸ்டர் எழுத்துச் சிக்னலையும் பூஜ்யமாக்கியதும் விடை 120, சைக்கிள் 70. பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்ற நிலை. ஆய்வகப் பொறுப்பாசிரியர் கையெழுத்துப் போடாமல் ஒன்று கேட்டார்: ரைட்பேக்கைக் கடந்த கட்டளைகள் எத்தனை, எண்ணிக் காட்டு.

டெஸ்ட்பெஞ்சில் (செயலியை ஓட்டிச் சோதிக்கும் நிரலில்) ஒரு கவுன்ட்டர் சேர்த்து எண்ணினார்கள். 58. தாளில் 44. சராசரி 70 / 58, அதாவது 1.21 சைக்கிள், தாளில் 1.59. குழு மகிழ்ந்துபோனது, நம் செயலி கணக்கைவிட வேகமாக ஓடுகிறது என்று. வேகமாக ஓடவில்லை. ஓடக் கூடாதவற்றையும் ஓட்டிக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

58 - 44 = 14. ஏழு தாவல், தாவலுக்கு இரண்டு. பிராஞ்ச் தாவியபோது நிரல் முகவரி சரியாக மாறியது, ஆனால் பின்னால் வந்திருந்த இரண்டு கட்டளைகளும் துடைக்கப்படவில்லை. அவை ஸ்டோரும் நோப்பும். நோப் யாருக்கும் தீங்கு செய்யாது. ஸ்டோர் ஒவ்வொரு சுற்றிலும் அரைகுறைக் கூட்டுத்தொகையை முகவரி 64இல் எழுதியது. கடைசிச் சுற்று சரியான 120ஐ மேலெழுதியதால் முந்தைய ஏழு எழுத்தும் மறைந்துவிட்டன. ஃப்ளஷ், அதாவது அந்தத் துடைப்பு, இல்லாத செயலியில் சரியான விடை வந்தது நிரலின் புண்ணியத்தால்.

சரிபார்க்க ஒரு சுலப வழி: நினைவக எழுத்துச் சிக்னல் எத்தனை முறை 1 ஆகிறது என்று பாருங்கள். ஒரு முறைதான் ஆக வேண்டும், இங்கே 8 முறை. திருத்தம்: பிராஞ்ச் தாவும்போது ஃபெட்ச்-டீகோட், டீகோட்-எக்ஸிக்யூட் ஆகிய இரண்டு பைப்லைன் ரெஜிஸ்டர்களிலும் நோப்பைப் போடுவது. அதன் பிறகு 44, 70, 1.59.

ஒரு கட்டளைக்கான சராசரி சைக்கிளைத் தனியாக யாராவது சொன்னால் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. மொத்தச் சைக்கிளும் கட்டளை எண்ணிக்கையும் பக்கத்தில் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

108

அடுத்த சோதனை எளியது. எண்களை முகவரி 0இலிருந்து 256க்கு நகர்த்தி, முதல் வரியில் 0க்குப் பதில் 256 என்று மாற்றுவது. வேறு எதையும் தொடவில்லை. விடை 108. இந்த முறை குழுவுக்கே பிடிபட்டது: 120 - 12. முதல் எண் விட்டுப்போயிருக்கிறது, மற்ற ஏழும் வந்திருக்கின்றன.

வரி 1 எக்ஸ்1க்கு எழுதுகிறது, வரி 4 அதைப் படிக்கிறது. நடுவில் இரண்டு கட்டளை. வரி 1 ரைட்பேக்கில் இருக்கும் அதே 5ஆம் சைக்கிளில் வரி 4 டீகோடில் ரெஜிஸ்டரைப் படிக்கிறது. எழுதுவது சைக்கிளின் முடிவில் கடிகார விளிம்பில் நடந்தால், படித்தவருக்குப் பழைய மதிப்பே கிடைக்கும். ஃபார்வேர்டிங்கும் காப்பாற்றாது, ஏனென்றால் வரி 4 எக்ஸிக்யூட்டுக்கு வரும் 6ஆம் சைக்கிளில் வரி 1 பைப்லைனை விட்டே போய்விட்டது. பாடத்தில் 'முதல் பாதியில் எழுது, இரண்டாம் பாதியில் படி' என்று ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துபோகும் விஷயம் இதுதான்.

முன்பு ஏன் தெரியவில்லை? குழு டெஸ்ட்பெஞ்சில் 32 ரெஜிஸ்டர்களையும் நினைவகத்தையும் முதலிலேயே பூஜ்யமாக்கி வைத்திருந்தது. பழைய எக்ஸ்1 0, புதிய எக்ஸ்1ம் 0. பிழை இருந்தும் வித்தியாசம் இல்லை. ரெஜிஸ்டர்களைப் பூஜ்யமாக்காமல் விட்டிருந்தால் ஜிடிகேவேவில் முதல் லோட்டின் முகவரி சிவப்பாக, மதிப்புத் தெரியாததாக, முதல் நாளிலேயே கத்தியிருக்கும். சிவப்பைப் பார்த்தாலே பயந்து எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவைக்கும் பழக்கத்தை ஆய்வகங்கள் கைவிட வேண்டும். எக்ஸ்0 ஒன்றைத் தவிர வேறு எதற்கும் தொடக்க மதிப்பு கொடுக்காமல் சோதிப்பதே நல்லது.

திருத்த இரண்டு வழி உண்டு. ரெஜிஸ்டர் எழுத்தைக் கடிகாரத்தின் இறங்கு விளிம்புக்கு மாற்றலாம். அல்லது, படிக்கும் எண்ணும் எழுதும் எண்ணும் ஒன்றாக இருந்தால் எழுதப்போகும் மதிப்பையே நேராகக் கொடுத்துவிடலாம். முதலாவது ஒரே சொல் மாற்றம். ஆனால் பின்னாளில் எஃப்பிஜிஏவில் ஏற்றும்போது அரைச் சைக்கிளுக்குள் வேலை முடிய வேண்டும் என்ற நெருக்கடி வரும். இரண்டாவதே நம் பரிந்துரை. எண் 0 என்றால் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையை மறந்துவிடக் கூடாது.

மூன்று முறை ஒன்று

ஃபார்வேர்டிங்கைச் சோதிக்க மூன்று வரி போதும்: எக்ஸ்5ஐ 0 ஆக்கிவிட்டு, இரண்டு மூன்று நோப் விட்டு, ஆட்-ஐ எக்ஸ்5, எக்ஸ்5, 1 என்பதை அடுத்தடுத்து மூன்று முறை. வர வேண்டியது 3. இந்தச் செயலியில் வந்தது 2. ஐந்து முறை எழுதினால் 3.

மூன்றாவது ஆட்-ஐ எக்ஸிக்யூட்டில் இருக்கும்போது எக்ஸ்5க்கு இரண்டு பேர் மதிப்பு நீட்டுகிறார்கள்: மெமரி நிலையில் உள்ள இரண்டாவது கட்டளை 2 என்கிறது, ரைட்பேக்கில் உள்ள முதலாவது 1 என்கிறது. எடுக்க வேண்டியது புதியதை. வெரிலாக்கில் இரண்டு தனித்தனி 'இஃப்' எழுதி, ரைட்பேக்குக்கான ஒப்பீட்டைக் கீழே வைத்திருந்தார்கள். கடைசியாக எழுதியது ஜெயித்துவிட்டது. மெமரி நிலையை முதலில் கேட்டு, இல்லையென்றால் மட்டும் ரைட்பேக் என்று 'எல்ஸ்' போட்டால் தீர்ந்தது. எட்டு எண்ணைக் கூட்டும் நிரலில் ஒரே ரெஜிஸ்டருக்கு அடுத்தடுத்து எழுதும் இடமே இல்லை. அதை ஆயிரம் முறை ஓட்டினாலும் இந்தப் பிழை வெளியே வந்திருக்காது.

62 வரவில்லை

கடைசிப் பயிற்சி, ஸ்டாலைத் தவிர்க்கக் கட்டளைகளின் வரிசையை மாற்றுவது. வரி 6ஐத் தூக்கி லோட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் வைத்தால் லோட்டின் மதிப்பு வந்து சேர ஒரு சைக்கிள் இடைவெளி கிடைக்கிறது. எட்டு ஸ்டாலும் போய் 62 சைக்கிள் ஆக வேண்டும். இந்த முறை குழு தாளில் எழுதிவிட்டுத்தான் ஓட்டியது.

விடை 120. சைக்கிள் 70.

பழைய வழக்கப்படி என்றால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. விடை சரி, நிரல் ஓடுகிறது, வரிசை மாற்றியதால் பெரிய பயன் இல்லை போலும் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். தாளில் 62 என்று இருந்ததால் தேடினார்கள். அலைவடிவத்தில் ஸ்டால் சிக்னல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எழுந்தது, அதுவும் ஆட்டுக்கு அல்ல, இடையில் வைத்த ஆட்-ஐ எக்ஸ்1, எக்ஸ்1, 4க்கு. அந்தக் கட்டளை எக்ஸ்4ஐப் படிப்பதே இல்லை.

ரிஸ்க்-ஃபைவில் ஆட் போன்ற கட்டளைகளுக்கு இரண்டாம் மூலத்தின் எண் 20 முதல் 24 வரையிலான பிட்டுகளில் இருக்கும். ஆட்-ஐக்கு இரண்டாம் மூலம் கிடையாது. 20 முதல் 31 வரை அந்தக் கட்டளையோடு வரும் மாறிலி. இங்கே மாறிலி 4. ஆகவே 20 முதல் 24 வரையில் 00100 இருக்கிறது. ஹசார்டு பகுதி அதை எக்ஸ்4 என்று படித்துவிட்டது. முதல் வாரத்தில் 112ஐத் தீர்க்க இரண்டாம் மூல ஒப்பீட்டைச் சேர்த்தபோதே இந்தப் பிழையும் கூடவே உள்ளே வந்துவிட்டது.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரு சிறு மாற்றம் போதுமானதாக இருந்தது. நிரலில் எக்ஸ்4 வரும் இடத்திலெல்லாம் எக்ஸ்6 என்று மாற்றினார்கள். உடனே 62. பிறகு எக்ஸ்4க்கே திரும்பி, ஹசார்டு பகுதியில் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள்: இரண்டாம் மூலத்தை ஒப்பிடுவது ஆட், ஸ்டோர், பிராஞ்ச் ஆகிய மூன்றுக்கு மட்டும், அவைதான் அதை உண்மையில் படிப்பவை. கட்டளையின் வகையைச் சொல்லும் ஆப்கோட் பிட்டுகளிலிருந்து ஒரே ஒரு சிக்னல் எடுத்தால் இது முடிந்துவிடும்.

ஓட்டினார்கள். விடை 120, கடந்த கட்டளை 44, நினைவக எழுத்து 1, சைக்கிள் 62. நான்கு எண்களும் தாளில் இருந்தபடியே இருந்தன. பதிவேட்டில் கையெழுத்து அன்றுதான் விழுந்தது.